உன் பெட்டியைத் திறந்துவிட்டேன்

கோவில்பட்டி
14.6.2025

அன்புள்ள ஜெயா,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். ஸ்டுடியோப் படங்களை எல்லாம் வைத்திருக்கிற உன் சர்வர் பெட்டியைத் திறந்துவிட்டேன். மூடியைக் கழற்றித் தூசி தட்டியதோடு நிற்கவில்லை. மதர்போர்டையே வெளியே உருவி, பிராசசரைக் கழற்றி வேறு மாட்டி, ராமையும் மாற்றியாகிவிட்டது. இப்போது நன்றாக ஓடுகிறது. இதை இங்கேயே சொல்லாவிட்டால் அடுத்த பத்திக்குள் உனக்குப் பிரஷர் ஏறிவிடும்.

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, தெரியும். நீயும்தான் எழுதவில்லை, அதனால் கணக்கு நேர். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. பெரியவன் பன்னிரண்டாவது முடித்துவிட்டான், மார்க்கைக் கேட்காதே. கொடுக்காப்புளி போன மாதம் ஸ்டுடியோவுக்கு வந்தாள், இன்னும் அதே மாதிரிதான் சிரிக்கிறாள். சரி, குசலம் முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். பங்குனியில் ஒரு அம்மா வந்தார்கள். 2018-ல் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம்தான் படம் எடுத்தோம். ஆல்பத்தில் இல்லாத ஒரு படம் வேண்டும் என்றார்கள், மாமனார் தனியாக நிற்கிற மாதிரி. எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவர்கள் வந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஃபோல்டரைத் திறந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசைக்கு நாலு, அப்புறம் நின்றுபோகும், அப்புறம் இன்னும் நாலு. வாங்கி வைத்த டீ ஆடை கட்டிவிட்டது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே.

அவர்கள் போனதும் இவர் சொன்னார்: "புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுரலாம்." வாங்கலாம், ஆனால் நாலு டிஸ்க் போடுகிற புதுப் பெட்டியின் விலையைப் பார்த்தேன். டிஸ்க் தனி, வெறும் கூட்டுக்கு மட்டும் அவ்வளவு. அதற்கு இன்னொரு லென்ஸ் வாங்கலாம். அதுவும் போக, எச்பி மைக்ரோசர்வர் ஜென்8 என்பது சும்மா கிடைத்த பெட்டியா? 2013-ல் வந்த மாடல். வீட்டுக்கு விற்கிற நாஸ்களில், அதாவது கோப்புகளைச் சேமித்து நெட்வொர்க்கில் தருகிற பெட்டிகளில், பெரும்பாலும் பிராசசர் போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும், ஒன்றும் செய்ய முடியாது. இதில் சாதாரண டெஸ்க்டாப் மாதிரி, கழற்றி மாட்டக்கூடிய 1155 சாக்கெட். 2017-ல் ரோட்டர்டாமுக்குக் கிளம்பும்போது அதை என் மடியில் வைத்து நீதான் சொன்னாய், "மாரி, இது வளரும் பிள்ளை" என்று. வளர்க்கத்தானே செய்தேன்? "திறக்காதே" என்று சொன்னதும் நீதான். அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

உள்ளே இருந்தது செலரான் ஜி1610டி பிராசசர், இரண்டு கோர், ராம் 4 ஜிபி. பெட்டியை ஓட்டுகிற ட்ரூநாஸ் மென்பொருள், முன்பு ஃப்ரீநாஸ் என்று இருந்ததே, குறைந்தபட்சம் 8 ஜிபி கேட்கிறது. ஃபோல்டர் விவரங்களையெல்லாம் ராமில் பிடித்து வைத்துக்கொண்டால்தான், டிஸ்க்குகளில் கோப்புகளை அடுக்கி வைக்கிற அதன் இசட்எஃப்எஸ்ஸுக்கு வேகம் வரும். 4 ஜிபியில் அது எதைப் பிடித்து வைக்கும், பாவம். இரண்டே ஸ்லாட், ஒன்றுக்கு 8 வீதம் 16 ஜிபிதான் உச்சம். ஆக ராமில் யோசிக்க ஒன்றுமில்லை, நேராக 16.

யோசிக்க வைத்தது பிராசசர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் ஜியான் ஈ3-1230 வி2-வை நீட்டினார். "அக்கா, 3.3 கிகாஹெர்ட்ஸ், பறக்கும்." எடுத்திருப்பேன். "வாட்டைப் பாருடி, கிகாஹெர்ட்ஸைப் பார்க்காதே" என்று நீ லேபில் கத்தியது காதில் விழுந்தது. அது 69 வாட். நம் பெட்டியில் பிராசசருக்கென்று தனி ஃபேன் கிடையாது. ஒரு அலுமினிய ஹீட்சிங்க், பின்பக்கம் ஒரே ஒரு ஃபேன், எல்லாவற்றுக்கும் அதுதான் காற்று. செலரானே 35 வாட். சித்திரை மாதம் கோவில்பட்டியில் ஸ்டுடியோ உள்ளறை எப்படிக் கொதிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொருந்துகிறவற்றில் 17 வாட்டில் 1220எல் வி2 என்று ஒன்று உண்டு, ஆனால் அதுவும் இரண்டு கோர்தான், கண்ணிலும் படவில்லை. கடைசியில் ஈ3-1265எல் வி2. 45 வாட், நாலு கோர், எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை. பத்து வாட் கூடுதலை அந்த ஹீட்சிங்க் தாங்கும் என்று துணிந்தேன். பழைய சர்வரிலிருந்து கழற்றிய சரக்கு. அதே கடையில் 8 ஜிபி ராம் இரண்டு, மலிவாகவே கிடைத்தது. ஏன் மலிவு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். செட்டிங்குகளை எல்லாம் பென்டிரைவில் எடுத்து வைத்தேன். டிஸ்க்குகளுக்கு 1, 2, 3, 4 என்று ஸ்டிக்கர் ஒட்டி வெளியே எடுத்தேன். பத்து நிமிஷம் ஓடவிட்டு, சூடு ஆறுவதற்குள் கழற்ற ஆரம்பித்தேன், இல்லாவிட்டால் இத்தனை வருஷத்துப் பேஸ்ட் கல்லாகி ஹீட்சிங்க் வராது. மதர்போர்டு இருக்கும் தட்டு பின்னால் உருவி வரும், ஆனால் அதற்கு முன்னால் ஒயர்களைக் கழற்ற வேண்டும். டிஸ்க்குகளுக்குப் போகிற அந்த அகலக் கேபிள் இருக்கிறதே, கை நுழையாத இடத்தில் ஒரு கொக்கி, மாட்டுக்கயிறு மாதிரி விறைப்பு. அதோடு மட்டும் அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். நகம் போச்சு.

ஹீட்சிங்கை நேராக இழுக்காமல் இடமும் வலமுமாக லேசாகத் திருகினேன். சடக்கென்று விட்டது. பழைய பேஸ்ட் காய்ந்த திருநீறு மாதிரி உதிர்ந்தது. துடைப்பதற்கு நம் ஸ்டுடியோவில் என்ன குறை? கேமரா சென்சார் துடைக்கிற குச்சி, ஐசோபுரோபைல், தூசி ஊத லென்ஸ் ப்ளோயர், எல்லாம் இருந்தது. பழைய செலரானைத் தூக்கினால் கீழே சாக்கெட். ஜெயா, நம் காலத்துப் பிராசசர்களில் கால்கள் அதன் வயிற்றில் இருக்கும். இதில் கால்கள் போர்டில். 1155 கம்பிகள், ஒவ்வொன்றும் பூனை மீசையைவிடச் சன்னம், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நாற்றங்கால் மாதிரி. புதியதை வைக்கும்போது விரல் வழுக்கி ஒரு மூலை விழுந்தாலும் போர்டே காலி. ஓரத்தில் உள்ள இரண்டு வெட்டுகளும் நேராக வரும்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். நெம்புகோலை அமுக்கும்போது நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, எத்தனை தடவை கேட்டாலும் வயிற்றைக் கலக்கும். அரிசி அளவு பேஸ்ட், ஹீட்சிங்க், எதிரெதிர் மூலையாக ஸ்க்ரூ. அந்தச் சூட்டோடு ராமையும் மாற்றிவிட்டேன்.

அதுதான் தப்பு. மூன்றாவது செமஸ்டர் ஆசிலோஸ்கோப்பிலேயே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அப்புறம் அடுத்தது.

ஆன் செய்தேன். ஃபேன் மிக்ஸி மாதிரி அலறியது. அது எப்போதும் அலறும், அப்புறம் அடங்கும். திரை கருப்பு. இந்தப் பெட்டிக்கு எழுந்திருக்கவே இரண்டு நிமிஷம் ஆகும் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிஷம். பத்து. பெரியவன் எட்டிப் பார்த்து, "போச்சாம்மா?" என்றான். ஓர் அறை விட்டிருப்பேன், தூரத்தில் நின்றான். பிராசசர் பழுதா, கம்பி வளைந்ததா, ராமா, போர்டே போனதா, எதைச் சந்தேகப்படுவது? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியவளுக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். அன்று இரவு சாப்பிடவில்லை. படங்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன, வேறு எந்த இயந்திரத்தில் மாட்டினாலும் இசட்எஃப்எஸ் அடையாளம் கண்டுகொள்ளும் என்று மூளைக்குத் தெரியும். நெஞ்சுக்கு யார் சொல்வது?

காலையில் பழைய 4 ஜிபியைத் திரும்ப மாட்டினேன். எழுந்துவிட்டது, புதுப் பிராசசரோடு! அப்போதுதான் புது ராமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஸ்டிக்கரில் பிசி3-12800, அதற்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்து: ஆர். ரெஜிஸ்டர்ட். பெரிய சர்வர்களுக்கானது. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் இந்தப் பெட்டியோடு பேசாது. நமக்கு வேண்டியது 'ஈ' என்று முடிவது, பிழை திருத்துகிற, ஆனால் ரெஜிஸ்டர் இல்லாத வகை. எழுத்தைப் படிக்காமலே கண்டுபிடித்திருக்கலாம். 'ஈ' வகையில் ஒரு பக்கத்துக்கு எட்டுக்குப் பதில் ஒன்பது சில்லுகள், ஒன்பதாவது மற்ற எட்டையும் சரிபார்க்கிற வாத்தியார். 'ஆர்' வகையில் நடுவில் வேறு அளவில் இன்னொரு சில்லு, வார்டன் மாதிரி. பெரிய சர்வர்களைக் கழிக்கும்போது இந்த 'ஆர்' சரக்குதான் குவியும், அதனால்தான் மலிவு. கடைக்காரர் மேல் தப்பில்லை, "சர்வர் ராம்" என்றுதான் நான் கேட்டேன், அவரும் அதைத்தான் கொடுத்தார். மாற்றிக் கொடுத்தார், கூடக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு.

இப்போது 16 ஜிபி காட்டுகிறது. முன்பக்க நீலக் கோடு எரிகிறது. அந்தக் கல்யாண ஃபோல்டர் திறந்த மாத்திரத்தில் விரிகிறது, நானே நாலு தடவை மூடித் திறந்து பார்த்தேன். ராத்திரி என்க்ரிப்ட் செய்து பூட்டிப் பதிகிற பேக்கப் காலை பத்து மணி வரை இழுத்துக்கொண்டிருந்தது, இப்போது விடிவதற்குள் முடிகிறது. அந்தப் பூட்டுகிற வேலையை வேகமாக்குகிற ஏஇஎஸ் கட்டளைகள் செலரானில் இல்லை, இதில் உண்டு. ஆனால் இவருக்கு ஏமாற்றம். ஃபைல் காப்பி வேகமாகும் என்று எதிர்பார்த்தார். லைன் ஒரு கிகாபிட், அதில் நொடிக்கு 110 எம்பி சொச்சம்தான் வரும், செலரானிலும் அதுவே வந்தது. வீடியோ மாற்றுவதும் வேகமாகவில்லை. பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் இருக்கிறது, இந்த போர்டு அதைப் பயன்படுத்த விடாது. "அப்போ எதுக்கு?" என்றார். அந்த அம்மாவின் டீயை நினைவுபடுத்தினேன். பேசாமல் போய்விட்டார்.

வெப்பம் பற்றிக் கேட்பாய். மதியம் மூன்று மணி, மின்விசிறி மட்டும், எட்டு த்ரெட்டும் ஓட, 68 டிகிரி. ஃபேன் சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அவ்வளவுதான்.

இதோடு முடித்திருந்தால் இது பெருமையடிக்கிற கடிதம். மாற்றிய மறுநாள் முழுசாக ஒரு ஸ்க்ரப், அதாவது டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கிற ஓட்டம், ஓடவிட்டேன். நேரம் ஒன்றும் குறையவில்லை, முன்பு 14 மணி நேரம், இப்போது பதின்மூன்றரை. அது டிஸ்க் வேகத்தைப் பொறுத்தது. ஆனால் முடிவில் மூன்றாம் டிஸ்க்கின் நேரே ஆறு செக்சம் பிழைகள், அதாவது பதிந்தபடி திரும்ப வராத துண்டுகள். மற்ற டிஸ்க்குகளை வைத்துச் சரிசெய்துவிட்டது, ஒரு படமும் போகவில்லை. கேபிளைச் சரியாக மாட்டவில்லையோ என்று திரும்ப மாட்டி ஓட்டினேன். மறுபடி இரண்டு. அப்புறம்தான் ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு நேரம் சுழன்றிருக்கிறது என்று பார்த்தேன். நாலுமே 70,000 மணி நேரத்தைத் தாண்டியிருக்கின்றன. நாலும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அறையில், ஒரே சூட்டில் இருந்தவை. ஒன்று போனால் இந்த அமைப்பு தாங்கும். புதியதை மாட்டி அது நிரம்புகிற வரை மற்ற மூன்றும் ஒரு நாள் முழுக்க மூச்சு வாங்க ஓட வேண்டும், அப்போது இன்னொன்று விழுந்தால் ஊரில் பாதிப் பேருடைய கல்யாணம் போய்விடும். வெளி டிஸ்க்கில் பேக்கப் இருக்கிறதே என்பாய். அதில் 2019-லிருந்துதான் இருக்கிறது. அந்த மாமனார் படம் 2018.

இத்தனை நாளும் பெட்டி மெதுவாக இருக்கிறது என்று மட்டும்தான் கவலைப்பட்டேன். பழசாகிறது என்று தோன்றவே இல்லை.

பெரிய வெளி டிஸ்க் இரண்டு சொல்லியிருக்கிறேன், செவ்வாய் வரும். முதலில் 2018-க்கும் அதற்கு முந்தியதற்கும் நகல், அப்புறம் மூன்றாம் டிஸ்க்கை மாற்றுவேன், அப்புறம் ஒவ்வொன்றாக. இங்கேதான் நீ வருகிறாய். "தொடாதே" என்று நீ விட்டுப்போன கோப்பு அப்படியே இருக்கிறது. 412 ஜிபி, ஒரே பூட்டிய கோப்பு, எட்டு வருஷமாக நான் தொடவில்லை, நீயும் கேட்கவில்லை. அதற்கும் நகல் எடுக்கவா? உள்ளே இருப்பது நான் நினைக்கிற விடுதி நாடக ஒலிப்பதிவுகள் என்றால் கேட்காமலே இரண்டு நகல் எடுப்பேன். உன் பழைய ஆபீஸ் குப்பை என்றால் இடம் மிச்சம். கடவுச்சொல் உனக்கே நினைவிருக்கிறதா என்பது வேறு. இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பித் தொலைக்காதே, கூப்பிட்டுச் சொல். ஞாயிறு உனக்குக் காலை, எனக்கு மதியம், கடை இருக்காது.

அன்புடன்,
மாரி

பி.கு: உன் செலரானைத் தூக்கிப் போடவில்லை. நம் ஊர் வழக்கப்படி பெரிய தீப்பெட்டி ஒன்றில், பஞ்சு வைத்து, பீரோ மேல்தட்டில் இருக்கிறது.