வெந்நீர் அடுப்பு

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பெர்லினிலிருந்து அனுப்பிய படம் வந்து பத்து நாளாகிறது. தரையில் ஒரு கண்ணாடி, அதற்கடியில் வெள்ளை வெளேரென்று காலி அலமாரிகள். உன் அம்மா பார்த்துவிட்டு, "என்னது, தண்ணித் தொட்டியா?" என்றாள். நாஜிகள் புத்தகங்களை எரித்த இடத்தின் நினைவுச்சின்னம் என்று சொன்னதும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்குப் போனில், "நம்ம ஊர்ல இப்படிப் புத்தகத்த எரிச்சிருக்காங்களாப்பா?" என்று நீ கேட்டாய். "சேச்சே, நம்ம பக்கம் அப்படியெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, மாடித் தளம் ஒழுகுகிற கதைக்கு மாறிவிட்டேன். நான் சொன்னது பொய். பெரிய பொய் ஒன்று, சின்னப் பொய் ஒன்று. போனில் சொல்ல ஆரம்பித்தால், உன் குரல் நடுவில் வந்ததும் நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

சின்னதை முதலில் தீர்த்துவிடுகிறேன். சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர் தெரியுமல்லவா, உன் காதுகுத்துக்கு வந்த சித்தப்பா ஊருக்குப் போகிற வழி. அங்கே கோயிலில் பழைய பாண்டிய ராஜா ஒருவர் சேர்த்துவைத்த ஏட்டுச்சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிப் போயிருக்கிறார். போனால், ஏடு ஒன்றுகூட இல்லை. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று சாஸ்திரம் இருக்கிறதாம். அதனால் குழி வெட்டித் தீ வளர்த்து, ஒவ்வொன்றையும் நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டார்களாம். எரித்தவர்களுக்கு யார்மேலும் கோபமில்லை. குப்பையாகக் கிடந்தது, முறைப்படி ஒதுங்கவைத்தோம் என்ற திருப்திதான். ஐயர் பதறிய பதற்றத்தை அவரே எழுதியிருக்கிறார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், "நெய்க்குச் செலவழித்த காசில் ஒரு ஆளை வைத்துப் படி எடுத்திருக்கலாம்" என்று நான் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். முப்பது வருஷம் அதே சிரிப்பு. எரித்தது கோயில்காரர்கள் என்பதால் எனக்கும் சிரிக்க வசதியாக இருந்தது.

நீ அனுப்பிய படத்துக்கு அப்புறம் அந்த இடத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1933 மே 10 ராத்திரி அங்கே சுமார் 20,000 புத்தகங்கள் எரிந்தன, அந்தக் காலி அலமாரிகளும் அத்தனை புத்தகம் கொள்கிற அளவில் செய்யப்பட்டவை என்பது உனக்குத் தெரிந்ததுதான். என்னை உலுக்கியது வேறு. எரித்தவர்கள் தெருப்பொறுக்கிகள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மாணவர்களாம்! பல்கலைக்கழக மாணவர்கள், கூடவே பேராசிரியர்கள். அங்கே நின்று முழங்கிய ஹிட்லரின் பிரசார மந்திரி கோயபல்ஸ் இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன். எந்தெந்தப் புத்தகங்கள் கூடாது என்று பட்டியல் போட்டுக்கொடுத்தது ஒரு நூலகர். புத்தகம் படித்தவர்கள், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள். ஒரு தமிழ் வாத்தியாருக்கு இதைப் படிக்கும்போது உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

எரிஷ் கேஸ்ட்னர் என்ற எழுத்தாளர், தன் புத்தகங்கள் எரிவதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்திருக்கிறார். அந்த வரியில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். ஏன் என்று இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

இலங்கையில் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தது 1981 மே 31 ராத்திரி தொடங்கி. சுமார் 97,000 புத்தகங்களும் ஏடுகளும். அந்த நூலகம் தொடங்கியதும் 1933-ல்தான் என்பதை இப்போதுதான் கவனித்தேன். வெறும் தற்செயல், ஆனாலும் மனசில் ஒட்டிக்கொண்டது. எனக்கு அப்போது 24 வயது. வேலை கிடைத்துப் புதிது. செய்தி மெல்லத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. நூலகம் எரிவதைப் பார்த்த அதிர்ச்சியில் தாவீது அடிகள் என்ற தமிழறிஞர் உயிரை விட்டார் என்று கேள்விப்பட்ட நாளில், ஜங்ஷன் பக்கம் டீக்கடையில் நாங்கள் நாலைந்து பேர் அழுதோம். நிஜமாகவே அழுதேன். வீட்டுக்கு வந்து உன் தாத்தாவிடமும் ஆச்சியிடமும், "புத்தகத்த எரிக்கவன் மனுசனா?" என்று கத்தினேன். தார்சாவில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த உன் அத்தை, "சோறு ஆறுதுண்ணே, சாப்பிட்டுட்டுக் கோவப்படு" என்றாள். அவளுக்கு அப்போது 19 வயது.

அது ஆனி மாதம். ஆவணியில் நான் எரித்தேன்.

சேரன்மாதேவி வீட்டு அரங்குவீடு உனக்கு நினைவிருக்கும், பகலிலேயே விளக்கு வேண்டும். அங்கே நெல்குதிருக்குப் பின்னால் அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டும், கொஞ்சம் கடிதங்களும், இரண்டு மூன்று புத்தகங்களும் இருந்தன. உன் பெரியப்பா எடுத்துக்கொண்டு வந்து தாத்தா முன்னால் போட்டார். கடிதம் எழுதிய பையன் யார், எந்தத் தெரு என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் இப்படி ஒரு விஷயம் பெட்டிக்குள் ஒளிந்திருந்தால் காரணம் ஒன்றுதான்.

தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. "வாசிலே" என்றார் என்னிடம். நான்தானே தமிழ் படித்தவன். வாசித்தேன். ஒவ்வொரு கடிதமாக, நிறுத்தி, வாத்தியார் குரலில். நோட்டையும் வாசித்தேன். பாதிக்குமேல் பாரதி பாட்டு, அழகான எழுத்தில் எழுதிவைத்திருந்தாள். நடுநடுவே அவளே எழுதியது. அதில் ஒரு சந்திப்பிழை இருந்தது. அதையும் நான் சொன்னேன், பாப்பா. அப்படி ஒரு நேரத்தில் சந்திப்பிழை பார்த்த ஆள் நான்.

"இந்த அசிங்கத்த வீட்ல வைக்காத" என்றார் தாத்தா. அந்தச் சொல் விழுந்ததும் எனக்கு எல்லாம் லேசாகிவிட்டது. அசிங்கம் என்றால் சுத்தம் பண்ண வேண்டியதுதானே. பெரியப்பா எழுந்திருப்பதற்கு முன்னால் நான் அள்ளிக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். வெந்நீர் அடுப்பில் பனமட்டை எரிந்துகொண்டிருந்தது. கடிதங்கள் உடனே போய்விட்டன. நோட்டு அட்டை தடிமன், பிடிக்கவில்லை. கிழித்துக் கிழித்துப் போட்டேன். ஊதுகுழலை எடுத்து ஊதினேன்.

1928-ல் சென்னை அரசாங்கம் பாரதி பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. அவர் இறந்து ஏழு வருஷம் ஆன பிறகும் பாட்டுக்குப் பயம். சத்தியமூர்த்தி சட்டசபையில் சண்டை போட்டார். அதை நான் எத்தனை வருஷம் கொதிப்போடு பாடம் நடத்தியிருக்கிறேன்! வெள்ளைக்காரன்கூடப் பறிமுதல் செய்து மூட்டை கட்டித்தான் வைத்தான்.

அத்தை புறவாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. காலில் விழவில்லை. அழுதிருந்தால் அன்றைக்கு அதோடு முடிந்திருக்கும் என்று ஆச்சி சாகும்வரை சொன்னாள். அவள் அழாதது பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "எழுதுன கை எதுட்டி?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பிலிருந்து ஒரு மட்டையை உருவினார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊதுகுழல் என் கையில் இருந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம். பிடிக்கவில்லை.

அத்தை வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே உள்ள தழும்பு, குழம்புச் சட்டி கவிழ்ந்து ஆனது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். சின்ன வயசில் அதைத் தடவிக்கொண்டே தூங்குவாய்.

அந்தப் பையனின் குடும்பம் அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாலேயே பம்பாய்க்குப் போய்விட்டது. போனார்களா, போகவைத்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. தையில் அத்தைக்குக் கல்யாணம். மாமா தங்கமான மனுஷர், அது அவள் அதிர்ஷ்டம். எங்கள் சாமர்த்தியம் இல்லை.

பெரியப்பா முரடர், அவர் செய்தார் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். நான் காகிதத்தைத்தானே எரித்தேன்! நீ மொழிபெயர்த்து அனுப்பினாயே, அங்கே தரையில் பதித்திருக்கிற ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் வரி, புத்தகங்களை எரிக்கிற இடத்தில் கடைசியில் மனிதர்களையும் எரிப்பார்கள் என்று. பெர்லின் தீக்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னால், கிரானடாவில் குர்ஆனை எரித்ததைப் பற்றிய நாடகத்தில் எழுதிய வரி அது. பிறகு அவர் புத்தகங்களையும் எரித்தார்கள். ஆனால் அதில் "கடைசியில்" என்ற சொல்லோடு எனக்குக் கொஞ்சம் தகராறு. நாஜிகளின் டாக்காவ் வதைமுகாமை 1933 மார்ச்சிலேயே திறந்துவிட்டார்கள். புத்தகம் எரிந்தது மே மாதம். யாழ்ப்பாணத்திலும் நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகம் எரிந்தது, ஆட்களையும் கொன்றார்கள். இரண்டு வருஷம் கழித்து, தமிழர்களைக் கொன்று குவித்த 1983 ஜூலை வந்தது. நம் வீட்டில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதில் முன்னது எது, பின்னது எது? அடுப்பு ஒன்றுதான்.

நீ வக்கீலைப் போலக் கேட்பாய் என்று தெரியும்: 1927-ல் மகாராஷ்டிரத்து மஹாடில் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரிக்கவில்லையா என்று. எரித்தார். குளத்துத் தண்ணீரைக்கூடத் தொடவிடாதவர்களின் புத்தகத்தை, தொட முடியாதவர்கள் எரித்தார்கள். அதற்குப் பிறகும் அந்தப் புத்தகம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, அதை வைத்திருந்தவன் கை வேகவில்லை. அதையும் இதையும் ஒரு தராசில் வைக்க எனக்கு மனசு வராது. 1943-ல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று அண்ணா கிளம்பினார். எதிர்த்துப் பேசிய இரண்டு பேரும் நம் பக்கத்துக்காரர்கள்தான், ராஜவல்லிபுரத்து ரா.பி.சேதுப்பிள்ளையும் எட்டயபுரத்துச் சோமசுந்தர பாரதியாரும். மேடை போட்டு மணிக்கணக்கில் வாதாடினார்கள். அப்படி ஒரு மேடை எங்கள் தார்சாவில் அத்தைக்குக் கிடைக்கவில்லை. அவள் பேச நினைத்தது முழுவதையும் நான் என் குரலில் வாசித்து முடித்துவிட்டேன்.

இப்போது நெருப்பெல்லாம் வேண்டியதில்லை. போன மாதம் நம் தெருவில் ஒரு பெண்ணின் போனை அவள் தம்பி பிடுங்கி எல்லாவற்றையும் அழித்ததாக உன் அம்மா சொன்னாள். அவன் கையில் கலர் கயிறு. நான் போய் அவன் அப்பாவிடம் பேசினேன். "வீட்டு விஷயம் சார்" என்றார். நானும் அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் மறுபடியும் போனேன். இந்த வாரமும் போவேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். வியாழக்கிழமை கடையநல்லூருக்குப் பஸ் ஏறிப் போய், நேரில். அவள் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வெகுநேரம் பேசவில்லை. நானும் மன்னிப்பு என்ற சொல்லை நாக்கு நுனிவரை கொண்டுவந்துவிட்டு, சொல்லாமல் தண்ணீர் குடித்தேன். அப்புறம் அவளே சொன்னாள்:

"அந்த நோட்டுல பாதிதாண்ணே எழுதியிருந்தேன். மீதி வெறும் தாளு. அதையும் சேத்துல்லா கிழிச்சுப் போட்டே."

நான் அதை மறந்தே போயிருந்தேன். அவள் சொன்னதும் அந்த வெள்ளைத் தாள்கள் ஓரத்திலிருந்து சுருண்டுகொண்டு வந்தது கண்ணில் தெரிந்தது.

உன் படத்தை அவளிடம் காட்டினேன். மாவுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, அந்தக் காலி அலமாரிகளை ரொம்ப நேரம் பார்த்தாள். "எழுதுண்ணே. பிள்ள தெரிஞ்சுக்கட்டும்" என்றாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, நீ மார்கழியில் வரும்போது அங்கேயிருந்து ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னாள். கோடு போட்டதாக இருக்க வேண்டுமாம். கை இழுக்கிறது, கோடு இல்லாவிட்டால் எழுத்து மேலே ஏறிப் போகிறது என்றாள்.

அப்பா