பேண்டு செட்டுக்குத் திருவொற்றியூர் பஞ்சரத்னம்

காலடிப்பேட்டை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் மேல் தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகளையும் பேண்டு செட்டில் வாசிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். நொட்டேஷன் எழுதி முடித்துவிட்டேன்.

சுருதி, அதாவது ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தின் உயரம், இரண்டரைக் கட்டை. இந்த வாத்தியங்களுக்கு ஒலிப்பது ஒன்று, தாளில் எழுதுவது வேறு; கிளாரினெட், ட்ரம்பெட் தாளில் அது நாலு கட்டையாக வரும். ஆல்டோ சாக்ஸில் ஒரு கட்டை. விரலுக்குச் சுலபம். ஆனால் ட்ரம்பெட்டில் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி ஸ, அரை ஸ்வர வித்தியாசத்தில் எட்டாமல் போய்விடும். அந்த இடங்களைத் தாழ்ந்த குரல் பித்தளை வாத்தியமான யூஃபோனியத்துக்குக் கொடுத்துவிடு.

பெரிய சிக்கல் பேகடை ராகக் கீர்த்தனையில்தான். மணலியில் இருந்த முத்துசுவாமி தீட்சிதர் கோட்டை பேண்டு மெட்டைக் கேட்டு அமைத்த நோட்டுசுவரங்களுக்குக் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, வேண்டாம்; பித்தளை வாத்தியத்தில் அப்படியே உட்காரும். பேகடை மத்யமம் அப்படியல்ல, அசையாவிட்டால் ராகமே இல்லை. கிளாரினெட்டில் நடு ஸ்தாயிக் காந்தாரம், மத்யமம் இரண்டும் சாவி அழுத்தி வருபவை. விரலால் இழைக்க அங்கே துளை கிடையாது. போதாததற்கு, மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகையில் எல்லா விரலும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். ஒன்று பிந்தினாலும் கீச்சிடும். அதனால் 'சுந்தரி நன்னிந்தரிலோ' பல்லவியை ஒரு ஸ்தாயி மேலே எழுதியிருக்கிறேன். அங்கே காந்தாரத்திலிருந்து இடது நடுவிரலை மெல்ல விலக்கினால் மத்யமம் இழைந்து வரும். அனுபல்லவியின் தார ஸ்தாயி அப்போது கிளாரினெட்டுக்கு எட்டாத உயரம், சாக்ஸ் வாங்கிக்கொள்ளட்டும்.

சாவேரியில் ட்ரம்பெட்காரர் ரிஷபத்துக்கு வால்வை மாற்றி மாற்றி அடித்தால் படிக்கட்டு போலக் கேட்கும். ரிஷபத்தின் வால்வைப் பிடித்தபடியே உதட்டைத் தளர்த்தி ஷட்ஜம் பக்கம் சாய்க்கச் சொல். சுத்த சாவேரி ஐந்து ஸ்வரம்தான், அதை ட்ரம்பெட்டே முன்னின்று வாசிக்கலாம். கல்யாணி சாக்ஸுக்கு.

ஆரபிக் கீர்த்தனை மிஸ்ர சாபு தாளம். ஏழு எண்ணிக்கைக்குக் காலடி வைத்து நடக்க வராது, நின்றே வாசியுங்கள். பெரிய டிரம் ஒன்றிலும் நான்கிலும் மட்டும் விழட்டும். சைட் டிரம்மின் அடிக்கம்பியைத் தளர்த்திவிடு, இல்லையென்றால் அதன் சரசரப்பு சங்கதிகளை விழுங்கிவிடும்.

யாராவது கார்ட்ஸ், அதாவது ஒரே நேரத்தில் பல ஸ்வரம், சேர்க்கலாம் என்றால் விடாதே. அடியில் ஸ, ப மட்டும் போதும். அதை மூச்சு முறியாமல் பிடிக்க யூஃபோனியம் இரண்டு வேண்டும். ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் தாங்குவார். ராயபுரம் பக்கம் இரண்டாவது ஆள் கிடைப்பாரா? விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்