சீட்டைப் பெட்டியில் போடும் முன்: பங்கு சேர்ந்து பந்தயக் குதிரை எடுக்கக் கிளம்பும் அமெரிக்கத் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐந்து பேர், எட்டுப் பேராகச் சேர்ந்து பணம் போட்டு, க்ளெய்மிங் பந்தயத்தில் (இறங்கும் குதிரையெல்லாம் குறித்த விலைக்கு விற்பனைக்கு இருக்கும், வேண்டுபவர் பந்தயத்துக்கு முன்பே சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும்) ஒரு குதிரையை எடுத்துவிடலாம் என்ற பேச்சு உங்களிடையே அடிக்கடி எழுகிறது. எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் ரிச் ஸ்ட்ரைக்கை இழுத்துக்கொண்டு வருகிறார். 2021 செப்டம்பரில் சர்ச்சில் டவுன்ஸில் 30,000 டாலருக்கு க்ளெய்ம் ஆன குதிரை, மறு ஆண்டு மே மாதம் அதே மைதானத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை ஒன்றுக்கு எண்பது என்ற பந்தய விகிதத்தில் ஜெயித்தது. இன்னொருவர் லாவா மேனைச் சொல்வார்: 2004-ல் டெல் மாரில் 50,000 டாலருக்கு எடுத்த குதிரை ஹாலிவுட் கோல்டு கப்பை 2005 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து ஜெயித்தது, மொத்தப் பரிசு 50 லட்சம் டாலரைத் தாண்டியது. பழைய ஆள் இருந்தால் ஸ்டைமி வந்துவிடும்: 1943-ல் 1,500 டாலர், ஓய்வுபெறும்போது சம்பாத்தியம் 9 லட்சத்துக்கு மேல்.

எல்லாம் உண்மைதான். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 1999 பிப்ரவரியில் சான்டா அனிடாவில் கரிஸ்மாடிக் என்ற குதிரை 62,500 டாலர் விலையில் ஓடியது. காலமெல்லாம் லாயத்திலேயே கிடக்கும் கெட்டிக்காரர்கள் ஒருவர்கூடச் சீட்டுப் போடவில்லை. மூன்று மாதத்துக்குள் அது டெர்பியை ஜெயித்தது. அப்படிப்பட்ட குதிரையைத் தேடிப் பிடிக்க யாராலும் முடியாது. உங்கள் இலக்கு, ஓர் ஆண்டுக்குத் தன் தீனிச் செலவைத் தானே சம்பாதிக்கும் குதிரை. அதுவே பெரிய விஷயம்.

கிண்டியில் பந்தயம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த முறை கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். அந்த முறையில் குதிரையின் திறனுக்கேற்ப ரேட்டிங் எண் உண்டு, அதற்கேற்ப எடை ஏற்றிச் சமப்படுத்துவார்கள். இங்கே சமப்படுத்துவது விலை. 10,000 டாலர் பந்தயத்தில் இறங்கும் ஒவ்வொரு குதிரையும் அந்த விலைக்கு விற்பனைக்கு இருக்கிறது. 40,000 பெறுமானக் குதிரையை 10,000-க்கு இறக்கினால் பந்தயத்தை ஜெயிக்கலாம், குதிரை கைமாறிவிடும். அந்தப் பயம்தான் எல்லோரையும் ஒழுங்காக விலை போட வைக்கிறது.

ஆகவே முதல் கேள்வி, "இந்தக் குதிரை நல்லதா?" என்பது அல்ல. "இந்த ஆள் ஏன் இந்த விலைக்கு விற்கத் துணிந்தான்?" என்பதுதான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம், துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசலாம். இங்கே தொடக்கூட முடியாது. எக்ஸ்ரே கிடையாது, ஓட்டிப் பார்ப்பது கிடையாது. உங்களிடம் இருப்பது அச்சில் உள்ள பழைய ஓட்டங்களும், பந்தயத்துக்கு முன் கிடைக்கும் சில நிமிடப் பார்வையும் மட்டுமே.

அச்சில் இருப்பதை முதலில் பாருங்கள். 32,000 விலையில் ஜெயித்த குதிரை அடுத்த ஓட்டத்திலேயே 16,000-க்கு இறங்கினால் நிற்கவும். ஜெயித்த குதிரையை யாரும் தர்மத்துக்குப் பாதி விலைக்குத் தருவதில்லை. அதேபோல் நாலைந்து மாத இடைவெளிக்குப் பிறகு விலை குறைந்து வரும் குதிரை. ஓய்வுக்குப் பின் திரும்பும் குதிரையை முதல் ஓட்டத்தில் யாரும் எடுக்க முடியாதபடி பாதுகாக்கும் விதி பல மாநிலங்களில் இருக்கிறது, முந்தைய விலைக்குக் குறையாமல் இறக்கினால் போதும். அந்தப் பாதுகாப்பு இருந்தும் வேண்டாமென்று விலையைக் குறைத்து இறக்குகிறார் என்றால், அந்த ட்ரெய்னர் உங்களிடம் ஏதோ சொல்கிறார். காலைப் பயிற்சி ஓட்டங்களின் தேதிகளையும் வரிசையாகப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை நாலு ஃபர்லாங் ஓடிய குதிரை திடீரென்று மூன்று வாரம் காணாமல் போய், பிறகு மூன்று ஃபர்லாங் மட்டும் ஓடியிருந்தால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

விலையை மட்டும் பார்த்துத் தரம் கணிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. 16,000 டாலர் பந்தயத்திலேயே பல வகை உண்டு. "வாழ்நாளில் இரண்டாவது வெற்றி இன்னும் பெறாதவை" என்ற நிபந்தனையோடு நடக்கும் 16,000 பந்தயம் வேறு, யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற திறந்த 16,000 பந்தயம் வேறு. முதலாவதில் ஜெயித்த குதிரை அடுத்த மாதம் திறந்த பந்தயத்தில் பழந்தின்று கொட்டை போட்ட குதிரைகளிடம் மாட்டிக்கொள்ளும். நீங்கள் எடுக்க வேண்டியது, நிபந்தனைகள் இன்னும் கையில் மிச்சமிருக்கும் குதிரை. ஒரே ஒரு வெற்றி பெற்று, இரண்டாவது வெற்றிக்கான பந்தயங்களில் இரண்டாம், மூன்றாம் இடம் வந்துகொண்டிருக்கும் மூன்று வயதுக் குதிரைக்கு இன்னும் இரண்டு மூன்று எளிய படிகள் இருக்கின்றன. பன்னிரண்டு வெற்றி பெற்ற ஏழு வயதுக் குதிரைக்கு அப்படி எதுவும் இல்லை.

பரிசுத்தொகைக்கும் விலைக்கும் உள்ள விகிதம் இன்னொரு எச்சரிக்கை. 2011-12 குளிர்காலத்தில் நியூயார்க்கின் அக்விடக்ட் மைதானத்தில் 21 குதிரைகள் செத்தன. விசாரித்த குழு காட்டிய காரணங்களில் ஒன்று, கேசினோ பணத்தால் பரிசு எகிறி, மலிவு விலைக் குதிரையின் விலையைவிடப் பரிசு பல மடங்கு பெரிதாகிவிட்டது. குதிரை போனாலும் பரிசு வந்தால் போதும் என்ற கணக்கு அங்கே வேலை செய்தது. பிறகு, க்ளெய்ம் விலை பரிசுத்தொகையில் பாதிக்குக் குறையக்கூடாது என்று அந்த மாநிலம் விதி போட்டது. நீங்கள் எங்கே வாங்கினாலும் அந்த அளவுகோலை மனதில் வையுங்கள். 5,000 டாலர் குதிரை 20,000 பரிசுக்கு ஓடுகிறதென்றால், விற்பவர் குதிரையைக் கைகழுவிவிட்டே பரிசுக்கு வந்திருக்கக்கூடும்.

இனி பேடக், அதாவது பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடம். ட்ரெய்னரை அனுப்பிவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போகாதீர்கள். குதிரை உங்களை நோக்கி வரும்போது நேர் எதிரே நின்று தலையைக் கவனியுங்கள். முன்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். நடையில் தெரியாதது, ஜாக்கி ஏறிய பின் வார்ம் அப்பில் துள்ளோட்டத்தில் தெரியும். இதுவரை கால்பட்டை இல்லாமல் ஓடிய குதிரைக்கு இன்று முதல்முறையாக முன்கால் பட்டை கட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். குளம்புக்கு மேலுள்ள கணுக்கால் மூட்டு இரண்டும் ஒரே அளவா, ஒன்று உப்பியிருக்கிறதா? முட்டிக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாண் நேராக இறங்குகிறதா, வில் மாதிரி வெளியே வளைந்திருக்கிறதா? பழைய வளைவு ஆறி இறுகிப் பல ஆண்டு ஓடிய குதிரைகள் உண்டு. புதிது என்றால் கதை முடிந்தது. ஆனால் இரண்டையும் பிரித்தறிய கையால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும், அது முடியாது. ஆகவே வளைவு தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஆணா, காயடித்ததா என்பதையும் கண்ணால் பாருங்கள். நிகழ்ச்சி அட்டையில் தவறாக அச்சாகியிருந்தாலும், அதைச் சரிபார்ப்பது எடுப்பவர் பொறுப்பு என்றுதான் விதி.

சீட்டு எழுதுவது அரை நிமிட வேலை, ஆனால் கோட்டை விடுவதும் அங்கேதான். முன்கூட்டியே முடித்திருக்க வேண்டியவை: மாநிலப் பந்தய ஆணையத்தின் உரிமையாளர் லைசென்ஸ், அல்லது இன்னும் குதிரை இல்லாதவர்களுக்கான க்ளெய்ம் அனுமதி. கைரேகையும் பின்னணிச் சோதனையும் இருக்கும், வாரங்கள் பிடிக்கும். கூட்டாக வாங்குவதென்றால் எத்தனை சதவீதப் பங்குக்கு மேல் ஒவ்வொருவரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மைதானத்திலுள்ள பணக் கணக்கில் முழு விலையும், விற்பனை வரி உள்ள மாநிலமானால் அதுவும், பணமாகச் சேர்ந்திருக்க வேண்டும். "நாளை வந்துவிடும்" என்பது செல்லாது.

சீட்டில் குதிரையின் பெயரை ஓர் எழுத்து பிசகினாலும் தள்ளுபடி ஆகலாம். நீண்ட பெயரை ஒரே சொல்லாகச் சேர்த்துப் பதிந்திருப்பார்கள், நீங்கள் பிரித்து எழுதுவீர்கள். நிகழ்ச்சி அட்டையைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதுங்கள். பந்தய எண், விலை, உரிமையாளர் பெயர், ட்ரெய்னர் பெயர் எல்லாம் உள்ளே, உறைமேல் பந்தய எண் மட்டும். உறையில் நேர முத்திரை குத்திப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். பல இடங்களில் பந்தயத்துக்கு 15 நிமிடம் முன்பே பெட்டி மூடப்படும். அதாவது குதிரை வார்ம் அப் போகும்போது நீங்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டிருப்பீர்கள். போட்ட சீட்டைத் திரும்பக் கேட்க முடியாது. இதனால்தான் நொண்டலைப் பார்க்கும் கண்ணை அந்தக் குதிரையின் முந்தைய ஓட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்கிறோம். இரண்டு மாதம் தொடர்ந்து பார்த்த குதிரைக்குச் சீட்டுப் போடுங்கள், அன்று காலை கண்ணில் பட்ட குதிரைக்கு வேண்டாம்.

ஒரே குதிரைக்கு ஒன்றுக்கு மேல் சீட்டு விழுந்தால் எண்ணிட்ட குண்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். எட்டுச் சீட்டு விழுந்த குதிரை உங்களுக்குக் கிடைத்துவிட்டால் தலைகால் புரியாது. எட்டு ட்ரெய்னர்கள் விரும்பியிருக்கிறார்கள் என்பது நல்ல அறிகுறிதான், ஆனால் அவர்களும் தொட்டுப் பார்க்கவில்லை.

பந்தயம் தொடங்கக் கதவு திறந்த நொடியில் குதிரை உங்களுடையது. அந்தப் பந்தயத்தின் பரிசு பழையவருக்கு. முன்னெல்லாம் பல இடங்களில் முதல் திருப்பத்தில் கால் முறிந்தாலும் பணம் போனது போனதுதான். 2022 ஜூலையிலிருந்து ஹைசா எனப்படும் கூட்டரசுச் சட்டத்தின் கீழான ஆணையத்தின் விதிகள் நடப்பிலுள்ள மைதானங்களில், குதிரை தடத்தில் செத்தாலோ, பந்தயம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆணைய மருத்துவர் நொண்டல் என்றோ மூக்கில் ரத்தம் என்றோ கண்டாலோ க்ளெய்ம் ரத்து. குதிரை பழைய உரிமையாளரிடமே நிற்கும், பணம் உங்கள் கணக்குக்குத் திரும்பும். இந்தப் பாதுகாப்பு வேண்டாம், நொண்டினாலும் மூக்கில் ரத்தம் வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சீட்டிலேயே முன்கூட்டி எழுதிக்கொடுக்கவும் விதியில் இடமுண்டு. இனப்பெருக்கத்துக்காகப் பெண்குதிரை எடுப்பவர்களுக்கு அதில் நியாயம் இருக்கலாம். உங்களுக்கு எந்தக் காலத்திலும் வேண்டாம். ட்ரெய்னர் உங்கள் பெயரில் சீட்டு நிரப்பும்போது அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லி, விட்டதைக் கண்ணால் பாருங்கள். எந்த மாநிலம் இந்த விதிக்குள் வருகிறது, எது வரவில்லை என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

குதிரை வந்த மறுநாள் அவசரப்படாமல் செய்ய வேண்டியவை: முன்கால் மூட்டுகளுக்கும் முட்டிக்கும் எக்ஸ்ரே, தொண்டைக்குள் எண்டோஸ்கோப், ரத்தப் பரிசோதனை, பல், குளம்பு, லாடம். பழைய ட்ரெய்னரிடமிருந்து சிகிச்சைப் பதிவுகளை உங்கள் ட்ரெய்னர் கேட்டு வாங்க வேண்டும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி எப்போது போட்டார்கள் என்பதுதான் அதில் முக்கியம். ஊசி வலியை மறைக்கும், மூட்டைச் சரிசெய்யாது. போட்ட பின் குறிப்பிட்ட நாள்வரை பந்தயத்தில் இறக்கக்கூடாது என்பது விதி, ஆனால் விதி தரும் நாளும் மூட்டு ஆறும் நாளும் ஒன்றல்ல. வயிற்றுப்புண் இங்கே தினசரி விஷயம். தீனியை மிச்சம் வைக்கிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள். புதிய லாயத்தில் பல குதிரைகள் முதல் ஓட்டத்தில் முன்னேறுவதற்கு மந்திரம் எதுவும் காரணமில்லை, புண்ணுக்கு மருந்தும் ஒழுங்கான லாடமும்தான் பெரும்பாலும்.

அடுத்து 'ஜெயில்'. பல மாநிலங்களில் எடுத்த குதிரையை ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு, எடுத்த விலைக்குக் குறைவாக இறக்க முடியாது. சில இடங்களில் கூடுதல் விலையில்தான் இறக்க வேண்டும். அந்தச் சீசன் முடியும்வரை வேறு மைதானத்துக்குக் கொண்டுபோகவும் தடை இருக்கும். ஆகவே சீட்டுப் போடும் முன்பே மைதானத்தின் பந்தயப் பட்டியலைத் திறந்து, 30 நாள் கழித்து இந்தக் குதிரைக்கேற்ற பந்தயம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு மாதச் சம்பாத்தியமில்லாத தீனி.

கணக்கு இப்படித்தான் போகும். 16,000-க்கு எடுத்த குதிரை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 டாலர் வீதம் மாதம் 3,000, மருத்துவர், லாடம், வண்டி எல்லாம் சேர்த்து மாதம் 4,000. பரிசு 25,000 என்றால் வெற்றிபெற்றவருக்கு 60 சதவீதம், அதாவது 15,000. ஜாக்கிக்கு 10, ட்ரெய்னருக்கு 10 சதவீதம் போக 12,000. மூன்று மாதத்துக்கு ஒரு வெற்றி வந்தால் வரவும் செலவும் சரி, வாங்கிய விலை இன்னும் திரும்பவில்லை. ஆகவே வாங்கும் விலைக்கு மேல் நான்கு மாதச் செலவைப் பொதுக் கணக்கில் வைத்துவிட்டே இறங்குங்கள். எட்டுப் பங்காளிகளில் இருவர் மூன்றாம் மாதம் பணம் தர மறுப்பார்கள். அதற்கு என்ன செய்வது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யார் ட்ரெய்னரிடம் பேசுவது என்பதையும் எழுதுங்கள், எட்டுப் பேரும் போன் செய்தால் அவர் யாருக்கும் உண்மை சொல்ல மாட்டார்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: எந்த விலைக்குக் கீழே குதிரையை இறக்குவதில்லை என்று. அந்தக் கோடு இல்லாத கூட்டங்களின் குதிரை 16,000-லிருந்து 10,000, 5,000 என்று படியிறங்கி, ஒவ்வொரு படியிலும் காலில் இன்னும் கொஞ்சம் தேய்ந்து யார் கைக்கோ போய்ச் சேரும். அந்தக் கோட்டை எட்டினால் ஓய்வு. ஓய்வுக் குதிரைகளைப் பராமரித்து மறுபயிற்சி தரும் அமைப்புகளுக்கு தரோப்ரெட் ஆஃப்டர்கேர் அலையன்ஸ் அங்கீகாரம் தருகிறது. அங்கீகாரம் பெற்ற ஒன்றோடு முன்கூட்டியே பேசி, ஒவ்வொரு பரிசிலிருந்தும் ஒரு சிறு தொகையை அதற்கென ஒதுக்கிவையுங்கள். கொடுக்கும் நாளில், இனி பந்தயத்தில் ஓடாது என்பதை பந்தயக் குதிரைகளைப் பதிவுசெய்யும் ஜாக்கி கிளப்பின் பதிவிலும் ஏற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
லாயத்துப் பக்கம் பழகிய சிலர்