செட்ரிசின் இல்லாத ஏழு நாள்

பெங்களூரு,
ஞாயிறு காலை

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மாடியில் அவரை காய்த்துக் கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய், பொறாமையாக இருந்தது. எனக்குச் செடி பக்கம் போனாலே மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடுகிறது. "அலர்ஜி டெஸ்ட் எடுத்தாயா, இல்லையா?" என்று நாலாவது தடவையாகக் கேட்டிருக்கிறாய். இன்னும் இல்லை. திட்டாதே, சொல்கிறேன்.

இத்தனை வருஷமும் நான் தெருவில் பூக்கிற அந்த ரோஸ் கலர் தபேபுயா மரத்தைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன். புது டாக்டர் சிரித்துவிட்டார். அதன் மகரந்தம் தேனீ தூக்கிப் போகிற ரகமாம், காற்றில் அதிகம் பறக்காதாம். அவருக்குச் சந்தேகம், எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் மழை விழுந்ததும் இடுப்பளவு நிற்கிற பார்த்தீனியத்தின் மேல். இங்கே அதைக் காங்கிரஸ் செடி என்பார்கள். 1950-களில் அமெரிக்கக் கோதுமையோடு வந்து இறங்கியது என்று சொல்கிறார்கள்.

அடுத்த சந்தேகம் மெத்தையில் வாழும் தூசிப் பூச்சி. கண்ணுக்கே தெரியாது. எனக்குக் காலையில் எழுந்ததும்தானே பத்துப் பதினைந்து தும்மல்? ஈரப்பதம் கூடினால் அதுவும் பெருகுமாம். ஆக, மழைக்காலத்தில் இரண்டுமே ஏறும். எந்த மாதம் தும்முகிறேன் என்பதை மட்டும் வைத்து யார் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது.

எங்கள் வீட்டுக்காரர் என்ன கேட்டார் தெரியுமா? "தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய்? காலி மனையை விலைக்கு வாங்கப் போகிறாயா?" கோபம்தான் வந்தது. ஆனால் சரியான கேள்வி. மூக்கில் அடிக்கிற ஸ்பிரேயிலேயே அடங்கிவிட்டால் டெஸ்ட் அவசியமில்லை என்று டாக்டரும் சொன்னார். அலர்ஜியையே குறைக்கிற ஊசி போட்டுக்கொள்வதாக இருந்தால்தான் கட்டாயமாம். அது மூன்று முதல் ஐந்து வருஷம் இழுக்கும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

போன வருஷம் ஒரு லேபில் அறுபது பொருளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று பணத்தைக் கொட்டினேனே, நினைவிருக்கிறதா? கத்தரிக்காய், இறால் இரண்டும் சிவப்பில் வந்தன, அதாவது அலர்ஜி இருக்கலாம் என்று. பிறந்ததிலிருந்து எண்ணெய்க் கத்தரிக்காய் சாப்பிடுகிறவள் நான்! மூன்று மாதம் வாயைக் கட்டினேன், தும்மல் ஒன்றுகூடக் குறையவில்லை. ரத்தத்தில் தெரிவதெல்லாம் உடம்பைப் படுத்தும் என்று அர்த்தமில்லையாம். இறாலிலும் தூசிப் பூச்சியிலும் ஒரே மாதிரிப் புரதம் ஒன்று இருக்கிறதாம். இறாலுக்குச் சிவப்பு வந்ததே அந்தப் பூச்சியால் இருக்கலாம் என்றார் டாக்டர். கத்தரிக்காயை அன்று ராத்திரியே வதக்கிவிட்டேன்.

இப்போது அவர் சொல்வது தோல் டெஸ்ட். முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் லேசாகக் குத்தி, கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். எது கொசுக்கடி போல் தடிக்கிறது என்று அளப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஹிஸ்டமின் சொட்டு ஒன்றும் உண்டு. அது கட்டாயம் தடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்டே செல்லாது. தும்மலுக்கு நான் போடுகிற செட்ரிசின் மாத்திரை அந்தத் தடிப்பை அமுக்கிவிடும் என்பதால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறார். ஆவணியில் பையன் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஏழு நாள் செட்ரிசின் இல்லாமல் நான் எங்கே போவேன்? சம்பந்தி வீட்டார் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு தாம்பூலம் மாற்றுவதா?

அதனால் கல்யாணம் முடிந்த கையோடு எடுக்கப் போகிறேன். பூச்சி என்று வந்தால் மெத்தைக்கு உறை, வெந்நீரில் துவைப்பது என்று நானே செய்ய வழி இருக்கிறது. செடி என்றால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஸ்பிரேயோடு காலத்தை ஓட்ட வேண்டியதுதான். ஸ்பிரேயை டெஸ்டுக்காக நிறுத்த வேண்டாம் என்பது ஒரு நிம்மதி. ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, ராத்திரி மூக்கடைப்பு குறைந்திருக்கிறது.

அப்புறம், உன் மருமகளுக்கும் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அவளுக்கு வீசிங்கும் இருக்கிறது என்கிறாய், அப்படியானால் என்னைப் போல் தள்ளிப்போடாதே, முதலில் டாக்டரிடம் காட்டு. நீயும் கூடவே எடுத்துக்கொள்வதாக இருந்தால் உன் பி.பி. மாத்திரையின் பெயரை மறக்காமல் சொல். சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த டெஸ்டில் கூடுதல் கவனம் வேண்டுமாம்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிடு. மாடி ரூம் உனக்குத்தான். போர்வை, தலையணை உறை எல்லாம் இப்போதே வெந்நீரில் போட்டாயிற்று.

அன்புடன்,
மீனா