பூட்டை எந்தக் கதவில் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. வரும் செய்திகளைப் பெரிய எழுத்தில் காட்டி, வாசித்தும் சொல்கிற சின்னச் செயலி ஒன்றை நானே எழுதி அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். பிளே ஸ்டோரில் அது கிடையாது. ஏபிகே கோப்பாக, அதாவது ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் கோப்பாக வாங்கி, நண்பர்கள் சிலரும் தங்கள் பெற்றோருக்குப் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் அதே அம்மாவை ஒருவன் அழைத்து, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். அவனும் ஒரு ஏபிகே அனுப்பினான். "செட்டிங்ஸ் போங்கம்மா, அக்ஸசிபிலிட்டியை ஆன் பண்ணுங்க" என்று பொறுமையாக வழிகாட்டிக்கொண்டிருந்தபோது, நல்லவேளை, நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

என் செயலியும் அந்த அக்ஸசிபிலிட்டி அனுமதியைத்தான் கேட்கிறது. அது கிடைத்தால் திரையில் இருப்பதையெல்லாம் படிக்கலாம், நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தலாம். பார்வையற்றவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. வங்கிக் கணக்கைக் காலி செய்பவனுக்கும் அதுதான் வேண்டும்.

அடையாளத்தைச் சரிபார்க்காதவர்கள் எழுதிய செயலிகளை ஆண்ட்ராய்டில் நிறுவ விடமாட்டோம் என்று கூகுள் 2025-இல் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், 2027 முதல் மற்ற நாடுகள் என்பது திட்டம். மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் தனிக் கணக்கு என்று அப்போதே சொன்னார்கள். எதிர்ப்பு வந்த பிறகு, விவரம் தெரிந்தவர்கள் சரிபார்க்கப்படாத செயலியையும் நிறுவத் தனி வழி என்று இறங்கி வந்தார்கள். அது நல்லது. ஆனால் திருடன் அடுத்தவர் அடையாள அட்டையில் பதிவு செய்துகொள்வான். மாட்டிக்கொண்டு விழிப்பது என்னைப் போன்றவர்கள்தான்.

எனக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்றில்லை. வெளியிலிருந்து வரும் செயலிக்கு அக்ஸசிபிலிட்டி எளிதில் கிடைக்காதபடி 2022-இல் ஆண்ட்ராய்டு 13 தடை வைத்தது. அம்மா போனில் அதை நீக்க எனக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆனது, அதில் வருத்தமே இல்லை. ஆனால் போனில் பேசுபவன் அந்தத் தடையையும் நீக்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறான். ஆண்ட்ராய்டு 16-இல் அதற்கும் விடை இருக்கிறது. தெரியாத எண்ணோடு பேசிக்கொண்டிருக்கும்போது, புதிதாக இறக்கிய செயலிக்கு இந்த அனுமதியைக் கொடுக்க முடியாது. இதில் என் செயலிக்கு ஒரு பாதிப்பும் இல்லை, அந்த ஆளுக்கோ வேலையே நடக்காது.

பூட்டு வேண்டிய இடம் இது என்பேன். ஆனால் அம்மாவின் போன் பழையது. அதற்கு ஆண்ட்ராய்டு 16 வரப்போவதில்லை. பெரியவர்கள் பலர் கையில் இருப்பது பிள்ளைகள் மாற்றிவிட்டுக் கொடுத்த பழைய போன்தான். அடையாள அட்டை கேட்பதற்கு முன், இந்த ஒரு பாதுகாப்பைப் பழைய போன்களுக்கும் கொண்டுவாருங்கள் என்று கூகுளையும் போன் தயாரிப்பாளர்களையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலி எழுதும் ஒரு வாசகர்