அம்புவாஸ் இருநாள் சுற்றுலா: பணம் வாங்கிக்கொண்டு நீங்கள் காட்டாமல் விட்டவை பற்றிய புகார்

பரிஸ், 20 ஜூன் 2025

முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: ஜூன் 14, 15 சனி, ஞாயிறு நாட்களில் லுவார் ஆற்றங்கரை ஊரான அம்புவாஸுக்கு நீங்கள் நடத்திய சுற்றுலா. கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

என் அம்மாவுக்கும் ஒன்பது வயது மகனுக்கும் எனக்குமாக 720 யூரோ கட்டி உங்கள் பஸ்ஸில் வந்தோம். பரிஸ் லாச்சப்பலில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, துண்டுப்பிரசுரத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் கேட்டுத் தெளிந்த பிறகுதான் பணம் கட்டினேன். "அம்புவாஸில் இரண்டு முழு நாட்கள், தமிழ் வழிகாட்டியுடன்" என்று அதில் அச்சிட்டிருந்தீர்கள். நான் கைபேசியில் நேரம் குறித்துக்கொண்டே வந்தேன். அந்த ஊரில் நாங்கள் நின்றது மொத்தம் மூன்று மணி பத்து நிமிடம்.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்பது உங்களுக்கு விளங்காது. யாழ்ப்பாணத்தில் 28 வருடம் வரலாறு படிப்பித்தவர். ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவர். மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார், ஜூலை 9 திரும்பிப் போகிறார். ஈபிள் கோபுரத்துக்குக் கூட்டிப்போகவா என்று கேட்டதற்கு, "அது படத்திலேயே நல்லாத் தெரியுது பிள்ளை. லியொனார்டோ டாவின்சியை அடக்கம் செய்த இடம் இஞ்ச எங்கேயோ இருக்கெண்டு படிப்பிச்சனான், அதைக் காட்டு" என்றார். உங்கள் பிரசுரத்தில் அந்தக் கல்லறையின் படம் இருந்தது. அதற்காகத்தான் வந்தோம்.

காலை 7 மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ் 9.40க்குப் புறப்பட்டது. வேறொரு புறநகரிலிருந்து வரும் பயணிகளுக்காகக் காத்திருக்கிறோம் என்று கடைசியில்தான் சொன்னார்கள். ஏறக்குறைய 220 கிலோமீற்றர் தூரத்துக்கு இடையில் இரண்டு தடவை நிறுத்தினார்கள். அம்புவாஸ் பாலத்தைக் கடக்கும்போது மணி 1.50.

அம்புவாஸ் கோட்டைக்கு உள்ளே எங்களுக்கு ஒதுக்கப்பட்டது 45 நிமிடம். அதில் 20 நிமிடம் நுழைவுச்சீட்டு வரிசையிலும் கழிவறை வரிசையிலும் போனது. முன்பதிவு செய்த குழுவென்றால் சீட்டு ஏன் கையில் இல்லை? வழிகாட்டி என்று வந்த தம்பிக்கு அந்த இடத்தைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அவர்மீது எனக்குக் கோபமில்லை. முதல்நாள் இரவுதான் கூப்பிட்டுப் போகச் சொன்னார்கள் என்று அவரே சொன்னார். ஆனால் "தமிழ் வழிகாட்டி" என்று நீங்கள் விலை வைத்து விற்றது அவரைத்தான். கல்லறை எங்கே என்று அம்மா கேட்டார். அது குளோ லூசே மாளிகையில் இருக்கிறது, அடுத்து அங்கேதான் போகிறோம் என்றார்.

அது பிழை, ஐயா. 1516இல் மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அழைப்பில் இத்தாலியிலிருந்து வந்த லியொனார்டோ வாழ்ந்ததும் 1519 மே 2 அன்று இறந்ததும் குளோ லூசேயில். அடக்கம் செய்ததோ கோட்டைக்குள் இருந்த புனித புளோரந்தான் தேவாலயத்தில். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அந்தத் தேவாலயம் இடிக்கப்பட்டது. 1863இல் அங்கே தோண்டியபோது கிடைத்த, அவருடையவை என்று நம்பப்படும் எலும்புகள்தான் இன்று கோட்டை வளவுக்குள் மதிலோரமாக நிற்கும் சின்னஞ்சிறு புனித ஹியூபேர் சிற்றாலயத்தில் இருக்கின்றன. கோட்டை வாசலில் கொடுக்கும் வரைபடத்திலேயே அது குறிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் அதற்கு மிக அருகில் நின்றோம். அம்மா வழிகாட்டியை நம்பி, ஆற்றைப் பார்த்தபடி மேல்தளத்தில் நின்றார். பிறகு பஸ்ஸுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

குளோ லூசேக்குப் போன பிறகுதான், உள்ளே போகும் திட்டமே இல்லை, வாசலில் நின்று படம் எடுக்கலாம் என்றார்கள். கல்லறை கோட்டைக்குள் இருக்கிறது என்று அங்கே வைத்திருந்த அறிவிப்பை நான் பிரெஞ்சில் வாசித்து அம்மாவுக்குச் சொன்னேன். கோட்டை அரை கிலோமீற்றர் தூரந்தான். திரும்பி நடந்து போய்ப் பார்த்துவிட்டு ஓடி வருகிறோம் என்று கெஞ்சிக் கேட்டேன். நேரமில்லை என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்துகொண்டார்.

அந்த மேல்தளத்தில் நின்ற சில நிமிடங்களில் அம்மா பக்கத்தில் நின்ற பயணிகளுக்குச் சொன்ன விடயங்களை உங்கள் நிறுவனம் சொல்லியிருக்க வேண்டும். பிரான்சின் மன்னர் எட்டாம் சார்ள்ஸ் 1470இல் இதே கோட்டையில் பிறந்து, 1498இல் இதே கோட்டையில் ஒரு தாழ்ந்த வாசலின் மேற்கல்லில் தலை அடிபட்டு 27 வயதில் இறந்தது. 1560இல் சூழ்ச்சி செய்ததாகப் பிடிபட்ட புரட்டஸ்தாந்தர்களை மாடத்தில் தூக்கிலிட்டது. குதிரையும் வண்டியும் மேலே ஏறக்கூடியதாக, படியே இல்லாமல் சுற்றிச் சுற்றிப் போகும் சரிவுப் பாதையோடு கட்டிய இரண்டு கோபுரங்கள். அல்ஜீரியத் தலைவர் அப்துல் காதிரை 1848 முதல் 1852 வரை இங்கே சிறைவைத்திருந்தபோது, அவரோடு வந்து இங்கேயே இறந்துபோனவர்களுக்காகத் தோட்டத்தில் நட்டிருக்கும் 25 நினைவுக் கற்கள். அந்தக் கற்களைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவைப் போலவே இன்னும் நாலைந்து பேர் கேட்டார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நிறைந்த பஸ் அது. அந்தக் கற்களும் காட்டப்படவில்லை.

பிற்பகல் 4.10 முதல் 6.20 வரை எங்களை ஒரு வைன் நிலவறையில் வைத்திருந்தீர்கள். இது பிரசுரத்தில் இல்லை. பயணிகளில் பாதிக்கு மேல் மது தொடாத முதியவர்கள், மிச்சம் பிள்ளைகள். துஃபோ என்கிற வெள்ளை மென்கல்லைக் குடைந்த அந்த இடம் அழகான இடம், மறுக்கவில்லை. அப்படிப்பட்ட பாறைகளில் கல் வெட்டித்தான் இந்தக் கரையோரக் கோட்டைகளையும் வீடுகளையும் கட்டினார்கள். வெட்டிய குகைகள் பிறகு வீடாகவும் நிலவறையாகவும் ஆயின. இதை யாராவது சொல்லியிருந்தால் அந்த நேரத்துக்கு ஒரு பயன் இருந்திருக்கும். போத்தல் வாங்கச் சொன்னதைத் தவிர வேறு எதுவும் சொல்லப்படவில்லை.

அடுத்தது படகு. பொழுது சாயும் நேரத்தில் பாரம்பரிய மரப்படகில் ஒரு மணிநேரம் என்று எழுதியிருந்தீர்கள். ஆற்றில் நீர் குறைவு, படகு ஓடாது என்று சொல்லி நிறுத்தினார்கள். லுவாரில் கோடையில் நீர் குறைவது புதிதில்லை. மணல் திட்டுகள் நிறைந்த ஆழமற்ற ஆறு என்பதால்தான் அந்தப் படகுகளை அடிப்பாகம் தட்டையாகச் செய்கிறார்கள். நாங்கள் கரையில் நின்றபோது அதே மாதிரிப் படகு ஒன்று ஆட்களோடு எங்களைக் கடந்து போனது. மகன் கைகாட்டினான். நீங்கள் படகுக்காரரிடம் முன்பதிவே செய்யவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. இதுவரை அதற்கான பணம் திருப்பித் தரப்படவில்லை.

இனி எழுதப்போவதுதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பாரதூரமானது. படகுக்குப் பதிலாக எங்களைப் பாலத்தின் நடுவில் இருக்கும் தங்கத் தீவில் இறக்கினார்கள். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராங்குகளின் அரசன் குளோவிஸும் விசிகோத்துகளின் அரசன் இரண்டாம் அலாரிக்கும் சந்தித்ததாகச் சொல்லப்படும் தீவு அது. அதைப் பற்றியும் பேச்சில்லை. பிள்ளைகள் அலுத்துப் போய் அழத் தொடங்க, "வாங்கோ, பறவை முட்டை காட்டுறன்" என்று வழிகாட்டி அவர்களை முழங்காலளவு தண்ணீரில் இறக்கி ஒரு மணல் திட்டுக்குக் கூட்டிப் போனார்.

கரையில் அறிவிப்புப் பலகை இருந்தது. ஆலாப் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் அந்த மணல்மேடுகளில் கால்வைக்கக்கூடாது என்று படத்தோடு போட்டிருந்தது. பலகையை நான் வாசித்து முடிப்பதற்குள் என் மகன் உட்பட ஆறு பிள்ளைகள் திட்டின் மேல் நின்றார்கள். தலைக்கு மேல் ஆலாக்கள் கத்திக்கொண்டு சுற்றின. மேற்கு ஆபிரிக்கக் கரைகளிலிருந்து வந்து இங்கே முட்டையிடும் பறவைகள் அவை. கூடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது, மணலில் ஒரு சிறு குழி. முட்டையும் மணல் நிறம். மிதித்த பிறகுதான் தெரியும். தாய்ப்பறவை எழும்பிப் போனால் வெயிலில் முட்டை கெட்டுவிடும். எங்கள் ஊர்க் கடற்கரையில் ஆலாவைப் பார்த்து வளர்ந்த அம்மா கரையிலிருந்து, "தம்பி, பிள்ளையளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வா, அது அதுகளின்ர வீடு" என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டார். தொலைநோக்கியோடு நின்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் எங்களைப் பார்த்துப் பேசியதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர் பேசியது நியாயம்.

பறவைகளை விடுங்கள், அந்த ஆற்றில் பிள்ளைகளை இறக்குவதே ஆபத்து. மேலே பார்க்க அமைதியாக இருக்கும். அடியில் மணல் இடம்மாறிக்கொண்டே இருக்கும், காலடியில் சரியும், சுழியும் உண்டு. ஒரு பிள்ளை திரும்பும்போது இடுப்பளவில் இறங்கி, நடத்துநர் கையைப் பிடித்து இழுத்தார். உயிர்காப்பு அங்கி ஒன்றுகூட இல்லை. பெற்றோரிடம் ஒரு சொல் கேட்கவும் இல்லை.

இரவுத் தங்குமிடத்தை "ஆற்றைப் பார்த்த விடுதி" என்று போட்டிருந்தீர்கள். கொண்டுபோய் விட்டது அங்கிருந்து 25 கிலோமீற்றர் தள்ளி, தூர் நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையைப் பார்த்த விடுதியில். படுக்கை சுத்தம், சாப்பாடும் பரவாயில்லை. ஆனால் விடியற்காலையில் மூவரும் ஆற்றங்கரையில் நடக்கலாம் என்று திட்டமிட்டிருந்தோம். அந்த விடியலை எந்தப் பணத்தாலும் நீங்கள் திருப்பித் தர முடியாது.

ஞாயிறு காலை அம்புவாஸ் ஆற்றங்கரையில் கூடும் சந்தையும் பிரசுரத்தில் இருந்தது. சாரதிக்குக் கட்டாய ஓய்வு நேரம் முடியவில்லை என்று சொல்லி 10.45க்குத்தான் கிளம்பினார்கள், சந்தைக்குப் போகவில்லை. சாரதி ஓய்வெடுக்கத்தான் வேண்டும், அது சட்டம், எங்கள் உயிரும் அதில் இருக்கிறது. முதல்நாள் ஓட்டத்தை அதற்கேற்ப ஒழுங்கு செய்திருக்க வேண்டியது நீங்கள். சுவாசல் பிரபு 1770களில் கட்டிய, 44 மீற்றர் உயரமான ஷாந்த்லூ பகோடாவை ஓடும் பஸ்ஸிலிருந்து மரங்களுக்கிடையில் காட்டினார்கள். ஷெனொன்சோ கோட்டையில் வாகனத் தரிப்பிடத்தில் 40 நிமிடம் நின்றோம். நுழைவுச்சீட்டு இல்லாமல் அங்கே தெரிவது மரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு பாதை மட்டும். ஷேர் ஆற்றின் மேல் பாலம்போல் நிற்கும் அந்த நீண்ட மண்டபம், இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனி பிடித்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் இடையில் ஆறே எல்லைக்கோடாக இருந்தபோது ஒரு பக்கக் கதவால் நுழைந்து மறுபக்கக் கதவால் ஆட்கள் தப்பிப் போன மண்டபம், எங்கள் கண்ணில் படவே இல்லை. உங்கள் பிரசுரத்தின் அட்டைப்படம் அதுதான்.

பஸ்ஸுக்கும் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் நான் காசு திருப்பிக் கேட்கவில்லை. அவை கிடைத்தன. கிடைக்காதவற்றுக்காகக் கட்டணத்தில் பாதி, 360 யூரோ, கேட்கிறேன். பிரெஞ்சுச் சுற்றுலாச் சட்டக்கோவையின் எல் 211-16ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் உள்ள சேவைகளை வேறு ஆட்களைக் கொண்டு நடத்தினாலும் பொறுப்பு உங்களுடையது. 60 நாட்களுக்குள் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் பிணக்குகளைத் தீர்த்துவைக்கும் சுற்றுலா மற்றும் பயணத்துறை இணக்கரிடம் கோப்பைக் கொடுப்பேன்.

பணத்தை விட முக்கியமாக இரண்டு விடயங்களை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். இனி எந்தக் குழுவையும் அந்த மணல் திட்டுகளில் இறக்க மாட்டோம் என்ற உறுதி ஒன்று. உள்ளே கூட்டிப்போகாத இடங்களின் படங்களைப் பிரசுரத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்ற அறிவிப்பு மற்றது. 30 வருடம் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் நின்றுவிட்டு, லூர்து மாதா கோயிலைத் தவிர இந்த நாட்டில் வேறெங்கும் போகாதவர்கள் அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் இருந்தார்கள். தமிழில் விளங்கப்படுத்துவார்கள் என்று நம்பித்தான் உங்களிடம் வந்தார்கள். அவர்களில் பலர் இப்படி ஒரு கடிதம் எழுத மாட்டார்கள்.

ஜூலை 6 ஞாயிறு காலை ஒஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரயிலில் அம்மாவை அம்புவாஸுக்குக் கூட்டிப்போகிறேன். நிலையம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது, பாலத்தால் நடந்து கோட்டைக்குப் போகலாம். முதலில் சிற்றாலயம், பிறகு சந்தை, பிறகு மற்றவை. அந்த ரயில் செலவை உங்கள் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பணம் கட்டிய பற்றுச்சீட்டு, துண்டுப்பிரசுரம், நேரக்குறிப்பு, அறிவிப்புப் பலகையின் படம் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மூன்று இருக்கைகள் பதிவு செய்த பயணி