கட்டு மாற்றினால் மட்டும் புண் ஆறாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் கட்டுக் கட்டும் அறை வாசலில் காலையிலேயே முதியவர்களின் வரிசை. பலருக்கு மாதக்கணக்கில் அதே கால், அதே புண். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, அயோடின் தடவி, புதுத் துணி வைத்து அனுப்புகிறார்கள். காய்ந்து ஒட்டிய துணியை இழுக்கும்போது புதிதாக வளர்ந்த சதையும் பிய்கிறது. பொங்கும் மருந்து கிருமியோடு இளந்தோலையும் கெடுக்கிறது. இந்த இடத்தில் உப்பு நீர் (ஸலைன்) போதும். புண் ஏன் ஆறவில்லை என்று பார்க்க அந்த அறையில் நேரமும் இல்லை, கருவியும் இல்லை. வட்ட மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது ஆறாத புண்ணுக்கென்று தனிப் பிரிவு வேண்டும்.

உள்கணுக்காலுக்குச் சற்று மேலே, கறுத்துத் தடித்த தோலில், ஓயாமல் நீர் கசியும் புண் பெரும்பாலும் ‘நரம்பு சுருட்டல்’ (வெரிகோஸ் வெயின்) தந்தது. ரத்தத்தை மேலே இதயத்துக்குத் திருப்பும் சிரைகளின் வால்வு பழுதாகி ரத்தம் கீழே தேங்குகிறது. இதற்கு முதல் மருந்து அழுத்தக் கட்டு; களிம்பெல்லாம் அப்புறம். கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் வேண்டும். ஒற்றைக் கிரேப் பேண்டேஜ் மத்தியானத்துக்குள் தளர்ந்து கொலுசுபோல் இறங்கிவிடும். அடியில் பஞ்சு, மேலே மூன்று அடுக்கு என்று சுற்ற வேண்டும். பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்தி, விரல் அடியில் தொடங்கி, குதிகாலையும் சேர்த்து, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே வரை வர வேண்டும். கணுக்காலில் தொடங்கினால் பாதம் வீங்கும். மேலே இறுக்கி, கீழே தளர்த்தினால் கட்டாமலே இருந்திருக்கலாம். விரல் நீலம் பூத்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

ஆனால், ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி அடைத்த காலில் இதே கட்டு காலையே பறித்துவிடும். அதனால் முதலில் கையடக்க டாப்ளரால் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கருவி) கணுக்கால் அழுத்தத்தை எடுத்து, கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். கையில் 150, கணுக்காலில் 75 என்றால் 0.5. அவரை ரத்தநாள அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்த அழுத்தக் கட்டைப் போடக் கூடாது. விடை 1.3-ஐத் தாண்டினால் நம்பவும் கூடாது. சர்க்கரை நோயாளிகளின் நாளம் இறுகிப்போனால் இப்படிப் பொய்க் கணக்கு வரும். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

உள்ளங்காலில் சர்க்கரைப் புண் இருப்பவருக்கு வலி தெரியாது. மிதித்து மிதித்தே அதை ஆழமாக்குகிறார். அந்த இடத்தில் எடை விழாதபடி செய்யாமல் மாத்திரை மாற்றிப் பயனில்லை. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணை மாவுக்கட்டுப் போட்டு ஆற்றினார். அந்த மாவுக்கட்டு சர்க்கரைப் புண்ணுக்கும் உதவும், ரத்த ஓட்டம் சரியாக இருந்து, சீழும் இல்லாவிட்டால். ஆறிய பிறகு எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு.

புண்ணை வாரம்தோறும் கண்ணாடித் தாளில் வரைந்து அளக்க வேண்டும். நான்கு வாரத்தில் பாதியாகச் சுருங்காவிட்டால் சிகிச்சையை மாற்ற வேண்டும். ஓரம் தடித்து உருண்டு வந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுப்பத் தயங்கக் கூடாது. மேலாக எடுத்த சீழில் எப்போதும் ஏதாவது கிருமி வளரும்; அதை மட்டும் நம்பி ஆன்டிபயாடிக் எழுதுவது வீண்.

டாப்ளர், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழை, அழுத்தக் கட்டுகள், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர்: தொடங்க இவ்வளவு போதும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டிலேயே பாதத்தைச் சோதித்து அனுப்பலாம். நீர்க்கசிவு கட்டுக்குள் இருந்தால் அடுக்குக் கட்டை வாரம் ஒரு முறை மாற்றினால் போதும். சந்தை நாளாகப் பார்த்துப் பிரிவை நடத்தினால் பஸ்ஸும் கிடைக்கும், கூட வர ஆளும் கிடைக்கும்.

- புண் பராமரிப்புச் செவிலியர்கள், தஞ்சாவூர்